ராகு காலத்தில் செத்துப்போன மாப்பிள்ளை

கம்ப்யூட்டர் விளையாட்டில் ஆளைச் சாகடிப்பது எல்லோரும் செய்வதுதான். நான் சாகடித்தது என் அக்காவுக்குப் பார்த்த மாப்பிள்ளையை. அதுவும் அவரைப் பெற்ற அம்மா பக்கத்து நாற்காலியில் கேசரித் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது.

இப்போது நான் வேலை பார்ப்பது கைப்பேசி விளையாட்டு தயாரிக்கும் ஒரு சின்ன கம்பெனியில். அங்கே இருக்கும் பிள்ளைகள் அந்தப் பழைய விளையாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மூச்சு விடமாட்டார்கள். யுத்தத்தை அந்த அளவுக்குக் கிண்டல் செய்த விளையாட்டு வேறு கிடையாதாம். எறும்பு சைஸ் சிப்பாய்க்கும் ஒரு பெயர் வைத்து, அவன் செத்தால் குன்றின் மேல் ஒரு கல்லறையும் கட்டி, விளையாடுகிறவனையே கூசவைத்ததாம். அடுத்தடுத்த பாகங்கள் வந்தன, அதைப் பார்த்துக் கற்றுக்கொண்ட விளையாட்டுகளும் எத்தனையோ வந்தன என்பார்கள். "சார், நீங்க ஆடியிருக்கீங்களா?" என்று கேட்டால், "கொஞ்சம்" என்பேன். (கொஞ்சம்தான். அதற்கே எங்கள் வீட்டில் எழவு விழுந்தது.)

எங்கள் வீடு லிங்கராஜபுரத்தில். அம்மா சீக்கிரமே போய்விட்டாள். அப்பா மாநில அரசு ஆபீசில் தலைமை குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒரு வியாதி உண்டு: ஆங்கிலத்தில் எது எழுதியிருந்தாலும் சத்தமாகப் படித்துத் தமிழில் மொழிபெயர்த்துவிடுவார். பஸ்ஸில் போனால் கடை போர்டுகள் எல்லாம் மொழிபெயர்ந்துகொண்டே வரும். மல்லிகா அக்கா ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அடுப்படி, அப்பா, நான் எல்லாம் அவள் பொறுப்பு. எனக்குக் கம்ப்யூட்டர் வாங்கித் தந்ததும் அவள்தான். அவள் கல்யாணத்துக்கென்று சேர்த்ததில் கை வைத்து, ஏதோ ஒரு ஆபீசில் கழித்துப்போட்ட பெட்டியை வாங்கினாள். "படிச்சு உருப்படுடா பாபு" என்றாள். நான் படித்தேன். இடையிடையே யுத்தமும் செய்தேன்.

அக்காவுக்கு முப்பதை நெருங்கும்போதுதான் சேகர் வந்தார். ஸ்ரீராம்புரத்துக்காரர், ராணுவத்தில் சிப்பாய். லீவில் வந்தபோது பெண் பார்த்தார். அவரோடு அக்கா தனியாகப் பேசியது பத்து நிமிஷம்தான். "எல்லையில பயமா இருக்காதா?" என்று கேட்டாளாம். "இருக்கும்ங்க, நெறையவே" என்றாராம். அன்றைக்கு அக்கா பாத்திரம் தேய்க்கும்போது பாட்டு முணுமுணுத்தாள். எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

அது தொண்ணூற்றொன்பது. சேகர் திரும்பிப் போன கொஞ்ச நாளில் எல்லையில் சண்டை மூண்டது. லீவெல்லாம் ரத்து. டிவியைப் போட்டால் கொடி போர்த்திய பெட்டிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. அக்கா செய்தி நேரத்தில் மட்டும் கொல்லைப்பக்கம் போய்விடுவாள். ஆனாலும் ஆடி பிறப்பதற்குள் பூ வைத்துவிடலாம், மாப்பிள்ளை இல்லாவிட்டால் என்ன என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். பூ வைத்துவிட்டால் பாதிக் கல்யாணம் ஆன மாதிரி. அப்புறம் யாரும் பின்வாங்க முடியாது.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. (வேலை செய்யாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.) விளையாட்டின் ஃபைலைத் திறந்து சிப்பாய்களின் பெயரை மாற்றிவிடலாம் என்று காலேஜ் நண்பன் சொல்லிக்கொடுத்திருந்தான். மாப்பிள்ளை வீடு ராணுவக் குடும்பம் ஆயிற்றே, அவர்களுக்கு ஒரு கௌரவம் செய்வோம் என்று உட்கார்ந்து மாற்றினேன். கல்யாணப் பத்திரிகை அடிப்பதுபோல வரிசை பார்த்துப் போட்டேன். முதலில் மாப்பிள்ளை சேகர். அடுத்தது அவர் அப்பா கோவிந்தன். மூன்றாவது பெரியப்பா முனுசாமி. (அப்பாவுக்குமுன் பெரியப்பா வரவேண்டுமா, கோபித்துக்கொள்வாரா என்று ஒரு மணி நேரம் குழம்பினேன். குழம்ப வேண்டிய விஷயம் வேறு என்று தோன்றவே இல்லை.) நான்காவது எங்கள் அப்பா ராஜகோபால். அடக்கம் கருதி என் பெயரைக் கடைசியில் வைத்தேன். அக்காவை மட்டும் சேர்க்கவில்லை, பெண்பிள்ளையை எதற்குச் சண்டைக்கு அனுப்புவது என்று.

அந்த விளையாட்டில் பட்டியலில் முதலில் இருப்பவன்தான் முன்னால் நடப்பான். முன்னால் நடக்கிறவன்தான் முதலில் சாவான். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் மாப்பிள்ளையை எப்படிப் பின்னால் நிறுத்துவது?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சேகரின் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். பஸ் கிடைக்காமல் தாமதமாகி, வந்து சேர்ந்தபோது ராகு காலம் தொடங்கிவிட்டது. ஆறு மணிக்கு மேல்தான் பூ வைக்கலாம். வாழை இலையில் சுற்றிய மல்லிகைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். கேசரி தீர்ந்தது, காபி தீர்ந்தது, பேச்சும் தீர்ந்தது. சுவரில் கடிகாரம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"சும்மனே எதுக்கு உக்காரணும்? பாபு, நம்ம கம்ப்யூட்டரைக் காட்டு" என்றார் அப்பா.

கம்ப்யூட்டர் இருந்த அறைக்குள் செருப்போடு யாரும் போகக்கூடாது. பெட்டிக்கு அக்கா பூ வேலை செய்த உறை போட்டிருந்தாள், நெற்றியில் ஆயுத பூஜைக் குங்குமம் இன்னும் இருந்தது. உறையை எடுத்ததுமே அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறுபடி கேசரித் தட்டு வந்தது. நான் விளையாட்டைத் திறந்தேன்.

கோவிந்தன் மாமாவும் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எழுத்துக் கூட்டினார். "எஸ்... ஈ... அடி இவளே! நம்ம சேகரு பேருடி!"

"எங்க? எங்க என் புள்ள?" அந்த அம்மா எழுந்தே விட்டார். "இன்னா பண்றான்?"

"நடக்கிறான். முன்னாடி போறான் பாரு, அவன்தான்! பின்னாடி வர்றது நானு."

அந்த அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. மகனைப் பார்த்து மாசக்கணக்கில் ஆகியிருந்ததல்லவா? "அப்படியே அவன் நடையேதான்" என்றார். (எறும்புக்கு ஏது நடை! ஆனால் அன்றைக்கு எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.) அக்கா கதவோரம் பட்டுப் புடவையில் நின்று எட்டிப் பார்த்தாள். சிரித்தாள். அதோடு என் புத்தி போய்விட்டது.

வித்தை காட்ட வேண்டுமே! எதிரிக் குடிசைக்குப் பக்கத்திலேயே பட்டியலின் முதல் நால்வரையும் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"ஏய், கிட்டப் போகாதே! டிஸ்டன்ஸ், டிஸ்டன்ஸ்!" என்று மாமா கத்தினார். "பின்னாடி வா!"

நான் குண்டை வீசினேன். குடிசை வெடித்தது. கூடவே எங்கள் ஆட்களும் வெடித்தார்கள். மூன்று பேர் அந்த இடத்திலேயே போனார்கள். சேகர் மட்டும் உடனே சாகவில்லை. ரத்தத்தில் கிடந்து ஸ்பீக்கர் வழியாக அலறினார்.

"யாரு கத்துறது?" என்றார் அந்த அம்மா.

ஸ்பீக்கரை அணைக்கலாம் என்றால் கை வரவில்லை. அலறல் தானாக நின்றது. திரையில் ஆங்கிலத்தில் ஒரு பட்டியல் வந்தது.

அப்போதாவது நான் பெட்டியை அணைத்திருக்கலாம். அதற்குள் அப்பா தொண்டையைச் செருமிவிட்டார். ஆங்கில எழுத்து, சபையில் விருந்தாளிகள். விடுவாரா மனுஷன்? நிச்சயப் பத்திரிகை வாசிக்கும் குரலில், நிறுத்தி நிதானமாக, மொழிபெயர்த்தே படித்தார்.

"போரில் உயிர் நீத்த வீரர்கள். சேகர். கோவிந்தன். முனுசாமி. ராஜகோ... டேய், இது நான்தானே?"

கேசரித் தட்டு கீழே விழுந்தது. அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு திரையையே பார்த்தார். திரையில் குன்று வந்திருந்தது. பச்சைப் புல்லில் புதிதாக நாலு கல்லறை. கீழே அடுத்துப் போகிறவர்கள் வரிசையில் நின்றார்கள். வரிசையின் வாலில் நான் நின்றேன், பத்திரமாக.

"எதுக்குப்பா என் பையன் பேரைப் போட்டே?" மாமாவின் குரல் அடங்கிப் போயிருந்தது.

"மரியாதைக்குதான் மாமா. மாப்பிள்ளைன்னா முதல்லதானே..."

எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அந்த அம்மா குனிந்து, மடியிலிருந்து நழுவிக் கிடந்த பொட்டலத்தை எடுத்தார். "ராகு காலம் போகட்டும்னு உக்காந்தோம். ராகுவே இங்க பொட்டிக்குள்ள உக்காந்திருக்கான். எழுந்திருங்க, போலாம்."

அப்பா கெஞ்சினார். தமிழில் கெஞ்சி, பதற்றத்தில் ஊர்மொழியான கன்னடத்துக்கு மாறியும் கெஞ்சினார். அந்த அம்மா பொட்டலத்தை மார்போடு அணைத்தபடி படியிறங்கிவிட்டார். மாமா மட்டும் வாசலில் நின்று அக்காவைப் பார்த்தார்.

"நீ ஒண்ணும் நெனச்சுக்காதம்மா. டிவி பாத்துப் பாத்து அவ ஏற்கெனவே பாதி செத்துக் கெடக்கா."

அவர்கள் தெருமுனை திரும்பியபோது கடிகாரம் ஆறு அடித்தது. அக்கா பூ இல்லாத தலையோடு உள்ளே வந்து, தரையில் சிந்திய கேசரியைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சேகர் ஒரு கீறலும் இல்லாமல் ஊர் திரும்பினார். தை மாதம் அவருக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. அக்காவுக்கும் ஒன்றிரண்டு வரன் வந்தது. வயது, ஜாதகம், அது இது என்று தட்டிப்போனது. அப்புறம் அவளே போதும் என்றுவிட்டாள். பல வருஷம் கழித்து ஒருநாள் பஸ்ஸில் சேகரைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "நல்லா தொப்பை போட்டுட்டாருடா. உயிரோடதான் இருக்காரு, நீ கவலைப்படாதே."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் என் பெயர் ராகு. என் கல்யாணத்திலேயே, புது மனைவியிடம் அக்கா என்னை அறிமுகப்படுத்தியது இப்படித்தான்: "இவன் ராகு. ஒரு முழு மாப்பிள்ளையை முழுங்கிட்டு இன்னும் ஏப்பம் விடாதவன்." சொந்தபந்தம் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

போன வருஷம் ஆபீஸ் பையன் ஒருவன் அந்தப் பழைய விளையாட்டை என் மடிக்கணினியில் ஏற்றிக் கொடுத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். காபியோடு வந்தவள் நின்றுவிட்டாள்.

"அதுதானே?"

"அதுதான்."

பக்கத்தில் உட்கார்ந்தாள். "என் பேரைப் போடு. முதல்ல போடு."

"வேணாம்கா."

"போடுடா. அன்னிக்கி என்னை மட்டும்தானே விட்டுட்டே."

போட்டேன். திரையில் மல்லிகா வந்து நின்றாள், எறும்பு சைஸில், தொப்பியோடு. எதிரே அதே மாதிரி ஒரு குடிசை. என் விரல் அசையவில்லை. காபி ஆறிக்கொண்டிருந்தது. அக்கா திரையையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நடத்தேன்டா."

"முடியாதுக்கா. நிக்கட்டும்."

அவள் என் தலையில் லேசாகத் தட்டினாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன், நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"இந்தப் புத்தி அன்னிக்கி எங்கடா போச்சு, ராகு?"