சம்பந்தியின் உத்தியோகம்

ஹனோவர்,
ஞாயிற்றுக்கிழமை.

டோர்ட்முண்டில் வாழும் என் பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய பெரியக்காவுக்கு, தம்பி குணசேகரம் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் எல்லோரும் சுகம். நீங்கள் இன்னும் கோபம் ஆறாமல் இருப்பதாக அத்தான் சொன்னார். ஆகவே அங்கும் வழமைபோலச் சுகந்தான் என்று விளங்கிக்கொண்டேன். வாட்ஸ்அப்பில் என்னை நீங்கள் புளொக் பண்ணிவிட்டபடியால் தபால்காரனை நம்பி எழுதுகிறேன். கிழிக்கமுன் ஒருக்கால் வாசியுங்கோ.

அக்கா, நான் அனுப்பிய குரல்செய்தியை நீங்கள் அரைவாசியில் நிற்பாட்டியதுதான் எல்லா வினைக்கும் காரணம். மாப்பிள்ளை தைச்சியின் தகப்பன் ஜப்பானில் காசு போட்டு விளையாடும் மெசின்களோடு சீவித்தவர் என்று சொன்னேன். மிச்சத்தைக் கேளாமலே, "குணம் சூதாட்டக்காரன் வீட்டில பொம்பிளை குடுக்கிறான், நான் கலியாணத்துக்கு வரமாட்டன்" என்று குடும்பக் குழுவில் போட்டுவிட்டீர்கள். உண்மையைச் சொன்னால் நானும் முதலில் பயந்தவன்தான். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஸ்பீல்ஹால என்ற சூதாட்டக் கடை இருக்கிறதல்லவா, அந்த மாதிரி ஏதும் நடத்தினாரோ என்று. சம்பந்தம் என்றால் விசாரிக்க வேண்டும். அவையின்ர ஊர் ஒசாக்காவில் விசாரிக்க எங்கட ஆள் யார் இருக்கினம்? இணையத்தில் தேடினால் குசமோட்டோ என்ற அவருடைய பேரே இல்லை. மகள் நிருஷாவிடம் கேட்டேன். "அப்பா, அந்தக் காலத்தில கேம் செய்த ஆக்களின்ர பேரைக் கொம்பனிக்காரர் போடமாட்டினம். மற்றக் கொம்பனி பிடிச்சுக்கொண்டு போயிடும் எண்டு பயம்" என்றாள்.

இப்போது அந்தச் சம்பந்தி மனிசன் எங்கள் வீட்டில்தான் வந்து நிற்கிறார். மாப்பிள்ளை மொழிபெயர்க்க எல்லாக் கதையும் கேட்டுவிட்டேன். பாட்டுப்பெட்டி திருத்தும் கொம்பனியில் சேர்ந்தவராம். ஒருநாள் முதலாளி வந்து, தொலைக்காட்சிப் பெட்டியில் ஓடுகிற விளையாட்டு ஒன்று செய் என்றிருக்கிறார். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. படம் கீறியதும் அவர், கணக்குப் போட்டதும் அவர், ஈயம் பற்றவைத்ததும் அவர். முட்டைக் கூடையோடு ரயில் ஏற ஓடும் ஒரு சுமைகாரன், அதுதான் விளையாட்டு. சனம் வரிசையில் நின்று காசு போட்டதாம். போட்ட காசு திரும்பி வராது, அக்கா. வென்றால் இன்னும் கொஞ்சம் ஓடலாம், அவ்வளவுதான். இதில் சூது எங்கே? பிறகு மனேச்சராக்கிப் பெரிய கதிரையில் இருத்திவிட்டார்கள். எங்கட ஆக்களென்றால் மண்டபம் எடுத்துக் கொண்டாடியிருப்போம். இவரோ, "அந்த நாளோட என்ர வேலை முடிஞ்சுது" என்று கையை விரிக்கிறார். அதற்குப் பிறகு ஒரு விளையாட்டும் செய்யவில்லை. இனியும் தொடமாட்டார், அதற்கு நான் பொறுப்பு. தொட்டால் என் முகத்தில் விழிக்காதேங்கோ.

ஆனால் மனிசனுக்கு இருப்புக்கொள்ளாது. சோபாவில் இருந்தால் விரல் மேசையில் தாளம் போடும், எழும்பி யன்னலுக்குப் போவார், திரும்பி வருவார். உங்கள் கோபத்தை நினைத்து எனக்கும் இருப்புக்கொள்ளாமல் இரண்டுபேரும் வரவேற்பறையில் எதிரெதிரே நடந்தோம். என் மனிசி சிவசக்தி பொறுக்கேலாமல், வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் செய்வதுபோல, உங்கள் மகன் கஜரூபனின் கலியாண வீடியோவைப் போட்டுவிட்டாள். அக்கா, அதை நித்திரை கொள்ளாமல் முழுக்கப் பார்த்த முதல் ஆள் இவர்தான். அதுவும் திருப்பித் திருப்பி. பச்சைச் சேலையில் ஆராத்தித் தட்டோடு நீங்கள் வாசலில் இருந்து மணவறைக்கு ஓடுவதும், வீடியோக்காரனைத் தள்ளுவதும், பிள்ளைகளை விலத்துவதும், மேளகாரருக்கு ஏசுவதும்! இந்த அம்மா யார் என்று கேட்டார். "என்ர பெரியக்கா. அவ இல்லாட்டி எங்கட வீட்டில ஒரு கலியாணமும் நடவாது" என்றேன். எழுந்து தொலைக்காட்சிக்கு முன்னால் குனிந்து வணங்கினார், அக்கா. அன்று தொடக்கம் மனிசன் அமைதி. நிருஷாவின் மடிக்கணினியில் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார். தன் வாழ்க்கை வரலாறாக்கும்.

கலியாணக் கார்ட் அடித்தாயிற்று. தன் பேர் எது என்று கேட்டு, அந்தத் தமிழெழுத்தை விரலால் தடவிக்கொண்டு கனநேரம் இருந்தார். இங்கே நிருஷா, "மாமி வராட்டி நான் மணவறையில ஏறமாட்டன்" என்று அறையைப் பூட்டிக்கொண்டு அழுகிறாள். உங்கள் மடியில் வளர்ந்த பிள்ளை. எனக்குச் சாப்பாடு இறங்குதில்லை. வாங்கோ அக்கா, வந்து எல்லோருக்கும் முன்னால் என்னை ஏசுங்கோ.

அத்தானுக்கு என் வணக்கம். கஜரூபன் குடும்பத்துக்கு எங்கள் அன்பு. ஹம் நகரத்துக் கோயில் காமாட்சி அம்மன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் எனக்குக் கொஞ்சம் பொறுமையான அக்காவையும் தருவாளாக.

உங்கள் ஏச்சுக்கு ஏங்கும் தம்பி,
குணசேகரம்

பி.கு.: இன்று திங்கள் காலை, கடிதத்தை ஒட்டமுன் மடிக்கணினியை எட்டிப் பார்த்தேன். வாழ்க்கை வரலாறில்லை, அக்கா. மனிசன் விளையாட்டு ஒன்று செய்து முடித்துவிட்டார். பச்சைச் சேலைக்காரி ஒருத்தி தட்டோடு மண்டபத்தைக் கடக்க வேண்டும். வீடியோக்காரன், பிள்ளைகள், மேளகாரர் எல்லோரும் குறுக்கே வருகிறார்கள். நடுவில் கண்ணாடி போட்ட மொட்டைத்தலை ஒன்று நிற்கிறது. அதில் முட்டினால் நின்று கதை கேட்க வேண்டும், தட்டு விழுந்துவிடும். அது நானாம். தொடக்கத்தில், கார்ட்டைப் பார்த்துக் கீறிய தமிழெழுத்தில் தன் பேரைப் போட்டிருக்கிறார். இனி என் முகத்தில் விழிப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். காலையில் இருந்து நான், சிவசக்தி, அழுகையை நிற்பாட்டிய நிருஷா எல்லோரும் பறித்துப் பறித்து விளையாடுகிறோம். ஒருத்தராலும் உங்களை மணவறைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஏலாமல் கிடக்கு. "அவ வராமலே தாலி கட்டுற மாதிரி மாத்தேலாதோ?" என்று கேட்டுப் பார்த்தேன். சம்பந்தி மாட்டேன் என்று தலையாட்டிவிட்டார். நீங்கள் வந்து சேர்ந்தால்தான் கெட்டிமேளமாம். நீங்களே வாங்கோ அக்கா.