ரவுண்டு அக்கா போட்ட ரூட்டு

பூமி உருண்டை என்பதை நம்புகிறவர்கள் கோடிக்கணக்கில் இருக்கலாம். அதைத் தினசரி வாழ்க்கையில் கடைப்பிடித்த ஒரே ஜீவன், செங்கல்பட்டில் எங்கள் அடுக்ககத்தில் குடியிருந்த ரவுண்டு அக்காதான்.

போன வழியில் அவர் திரும்பி வர மாட்டார். லிஃப்டில் ஏறினால் படியில் இறங்குவார். பால் வாங்கப் போவது ஒரு தெரு, பாலோடு வருவது வேறு தெரு. சென்னைக்கு மின்சார ரயிலில் போனால் பேருந்தில்தான் திரும்புவார். கோயிலுக்குக் கூட்டிப்போன ஆட்டோக்காரர் ஒருமுறை வந்த வழியே வண்டியைத் திருப்பிவிட, ஓடுகிற ஆட்டோவிலிருந்து அக்கா இறங்கிவிட்டார் என்று கீழ்வீட்டில் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

"ஏன்க்கா இப்படி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"போன வழியிலயே வந்தா, போவவே இல்லன்னுதான்டி அர்த்தம்" என்றார்.

அக்கா அரசு அலுவலகம் ஒன்றில் தட்டச்சர். ஐம்பதைத் தாண்டியவர். மகன் வாங்கிவிட்டு ஓட்டாமல் போட்ட கியர் சைக்கிளைத் துடைத்து எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரைச் சுற்றுவார்.

எனக்கு அப்போது பாப்பா பிறந்து ஒன்றரை வருடம். வீட்டைப் பூட்டிவிட்டு வாசல்வரை போனால், கேஸை மூடினோமா என்று சந்தேகம் வரும். திரும்பி வந்து பார்த்தால் மூடியிருக்கும். மறுபடி வாசலுக்குப் போனால், பார்க்கிறேன் பேர்வழி என்று கைபட்டுத் திறந்துவிட்டோமோ என்று சந்தேகம் வரும். இப்படி மூன்றாவது தடவை ஓடியபோது வண்டி நிறுத்துமிடத்தில் அக்கா வழிமறித்தார்.

"உனுக்கு இன்னா வயசாவுது? மூஞ்சப் பாத்தா பென்ஷன் வாங்கறவ மாரி கீற. சைக்கிள் ஓட்டத் தெரியுமா?"

"காலேஜ்ல ஓட்டினதுக்கா."

"போதும். மாபலிபுரம் போறோம்."

வழியையும் அங்கேயே சொல்லிவிட்டார். திருக்கழுக்குன்றம் வழியாகப் போய்க் கடலில் கால் நனைப்பது. திரும்பும்போது, சொல்லவே வேண்டாம், வேறு வழி: கடற்கரைச் சாலையில் கொஞ்சம் வடக்கே ஏறி, திருப்போரூரைத் தொட்டு, காட்டுச் சாலையில் செங்கல்பட்டு.

"ரொம்பக் கஷ்டமா இருக்குமாக்கா?"

"மீடியம்டி. மீடியம்னா இன்னா தெரியுமா? மேடு ஏறும்போது மாமியார திட்டறதுக்கு மூச்சு இருக்கணும். எறங்கும்போது மாமியாரே ஞாபகம் வரக்கூடாது."

நான் சிரித்து மழுப்பினேன். ஆனால் அன்றிலிருந்து எனக்கு அந்தச் சுற்று ஒரு ஏக்கமாகவே ஆகிவிட்டது. ஒரே ஒரு நாள், என் சொந்தக் காலால் கடல்வரை போய், வேறொரு வழியாக வீடு வந்து சேர வேண்டும். கேட்டால் சின்ன ஆசை. எனக்கு அது மலை.

வழியில் மேடுகள் எங்கெங்கே என்று கண்டுபிடிக்க அக்கா ஒரு முறை வைத்திருந்தார். டவுன் பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, கியரை அவர் எங்கெல்லாம் குறைக்கிறாரோ அங்கெல்லாம் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு கூம்பு போடுவது. "பொம்பளைங்களுக்கு பஸ்ஸு ஃப்ரீ. சர்வேயும் ஃப்ரீ" என்று என்னையும் பாப்பாவையும் கூட்டிப்போனார்.

நாலாவது கூம்பில் டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, நான் கியர் போட்டா நீ எழுதிகினு வர?"

"நீ பாட்டுக்கு ஓட்டு நைனா. உனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அரசாங்க முத்திரை போட்ட பேனாவை வைத்துக்கொண்டு இப்படிச் சொன்னால் எந்த டிரைவர்தான் நம்புவார்? செக்கிங்குக்கு வந்த அதிகாரி என்றே முடிவு கட்டிவிட்டார். அதற்கப்புறம் அந்த மனிதர் கியரில் கையே வைக்கவில்லை. பேருந்து பிரசவ வலியில் முனகிக்கொண்டே மேடுகளில் ஏறியது. முன்சீட்டில் ஒருவர் கண்ணை மூடிக் கும்பிட்டார். அக்கா மட்டும் முகம் மலர, கூம்பே இல்லாத நீண்ட கோடு ஒன்றை இழுத்தார்.

"பாத்தியா? முக்கால்வாசி ஃப்ளாட்டு!"

நாங்கள் கிளம்புவதற்குள் அக்காவுக்குப் பதவி உயர்வோடு கிருஷ்ணகிரிக்கு மாற்றல் வந்தது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஞாயிறு. நான் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். நாய் துரத்தினால்? பஞ்சர் ஆனால்? பெட்ரோல் பங்க்கில் கழிப்பறை பூட்டியிருந்தால்?

"நீ சைக்கிள் ஓட்ட வரியா, எலெக்‌ஷன் நடத்த வரியா?" என்றார் அக்கா.

ஆடி மாதம். காலைக் காற்று குழந்தைக்கு ஆகாது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று கணவரிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டு, தம்பியின் சைக்கிளில் கிளம்பினேன். ஊரைத் தாண்டியதும் 'ஃப்ளாட்டு' தன் வேலையைக் காட்டியது. வயல், மேடு, ஏரிக்கரை, மறுபடி மேடு.

"அக்கா, ஃப்ளாட்டுன்னு சொன்னீங்க!"

"அந்த டிரைவரு ஏமாத்திட்டான்டி! உங்க மாமியார திட்டு, மூச்சு கீதான்னு பாப்போம்!"

"அவங்க ரொம்ப... நல்லவங்கக்கா!"

"பொய் சொல்ற அளவுக்கு மூச்சு கீது. மிதி!"

அந்த மேட்டின் உச்சியில் நான் சத்தமாகச் சிரித்தேன். பாப்பா பிறந்தபிறகு அப்படிச் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

திருக்கழுக்குன்றத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கணவர் கூப்பிட்டார். "பாப்பாவுக்கு உடம்பு சுடுது. நீ பதறாத. சும்மா சொன்னேன்."

பதறாதே என்று அவர் சொன்னதும்தான் பதறினேன். போகலாம் என்றேன், வேண்டாம் என்றேன். கடல் இன்னும் கொஞ்ச தூரம்தானே என்றேன், அம்மாவா நான் என்றேன். அக்கா டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

"நீங்க போங்கக்கா. இன்னிக்கு விட்டா உங்களுக்கு முடியாது. நான் தனியா போயிடுவேன்."

அவர் சைக்கிளைத் தூக்கித் திருப்பினார். நாங்கள் வந்த சாலையைப் பார்த்து.

"இதே வழியிலயாக்கா?"

"சுத்திகினு போனா புள்ள அதுவரைக்கும் அழுதுகினு இருக்குமா? வாடி. என் முதுகயே பாத்துகினு வா."

வீட்டில் பாப்பா வாளியில் உட்கார்ந்து தண்ணீரைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதை மதித்துக் கணவர் ஜன்னலையெல்லாம் சாத்தி, ஸ்வெட்டர் போட்டு, மேலே இரண்டு போர்வை போர்த்தியிருக்கிறார். செங்கல்பட்டில், ஆடியில்! யாராக இருந்தாலும் சுடத்தான் செய்யும். ஸ்வெட்டரைக் கழற்றியதும் காய்ச்சலும் இறங்கிவிட்டது. நான் அழுதேன். அக்கா எங்கள் வீட்டில் நாலு தோசை சாப்பிட்டுவிட்டு, "ஜொரம் இல்லன்னா சந்தோஷம்தான? அழுவுற!" என்று திட்டிவிட்டுப் படியில் இறங்கிப் போனார். அந்த வாரமே கிருஷ்ணகிரிக்கும் போய்விட்டார்.

அதன்பின் மாமல்லபுரத்துக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன், காரில், பேருந்தில், பாப்பாவின் பள்ளிச் சுற்றுலாவில். அந்தச் சுற்றை மட்டும் முடிக்கவில்லை. அன்று இன்னொரு முறை ஃபோன் செய்து கேட்டிருக்கலாமோ என்று இப்போதும் தோன்றும். கேட்டிருந்தாலும் திரும்பித்தான் இருப்பேன் என்றும் தோன்றும்.

இந்த ஆடியில் ஒரு ஞாயிறு, தனியாகத் திருக்கழுக்குன்றம்வரை போய், அதற்குமேல் தைரியம் வராமல் திரும்பினேன். செங்கல்பட்டுப் பக்கம் சைக்கிளைத் திருப்பியதும் மேற்குக் காற்று நேராக முகத்தில் அறைந்தது. சமதளத்திலேயே சைக்கிள் நகரவில்லை. இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினேன்.

இதே சாலை, இதே மாதம். அன்றும் இந்தக் காற்று அடித்திருக்கும். என்மேல் படவில்லை. வழியெல்லாம் எனக்கு முன்னால், ஒரு கை தூரத்தில், குனிந்து மிதித்துக்கொண்டு அக்கா போனார்.