கோதண்டத்தின் மாடி போர்ஷன்

இனிமேல் மாடிக்கு ஆள் வைப்பதில்லை என்று கோதண்டம் முடிவெடுத்தது, பதினோரு வருஷம் குடியிருந்த ஸ்ரீராம் குடும்பம் கொரட்டூர் வீட்டைக் காலி செய்துகொண்டு போன அன்று. ஆவடி ஃபேக்டரியில் ராணுவ டாங்கிக்கு நட்டு முறுக்கி ஓய்வு பெற்றவர் அவர். குடித்தனக்காரர்களிடமிருந்துதான் இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை. மோட்டார் ஓடாவிட்டால் அவர். சாக்கடை அடைத்தால் அவர். குழந்தை குழாய்க்குள் கோலிக்குண்டைப் போட்டாலும் அவர்தான்.

காலி வீட்டில் போய் நின்றார். கதவு நிலையில் ஸ்ரீராம் பையனின் உயரம் பென்சில் கோடுகளாக ஏறியிருந்தது. சமையலறைக் கூரையில், அதற்கு முன்னால் இருந்த வேலப்பன்சாவடி காலேஜ் பையன்கள் குக்கரை வெடிக்கவிட்ட சாம்பார் கறை. அதற்கும் முன்னால், இது வெறும் அஸ்பெஸ்டாஸ் அறையாக இருந்த காலத்தில், அவரும் விஜியும் புதுக் குடித்தனம் போட்டதும் இங்கேதான். கீழே அப்பா, அம்மா. ஜன்னலைத் திறந்தார். ஏரிக் காற்று அடித்தது. ஒரு நாற்காலி, ஒரு ரேடியோ, யாரும் கூப்பிடாத மத்தியானம். அவருக்கு அது போதும்.

விஜியிடம் சொன்னார்.

"பூட்டி வெச்சா ஊடு பாழாப்பூடும்யா. டூ-லெட் போர்ட மாட்டு."

மாட்டினார். முப்பத்திரண்டு வருஷத்தில் விஜியை எதிர்த்துப் பேசி ஜெயித்ததாக அவருக்கு ஞாபகமில்லை. ஆனால் வருகிறவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார்.

முதலில் வந்தவரிடம் தண்ணீர் ஏறாது என்றார். அடுத்தவரிடம், மே மாசம் தரையிலேயே தோசை ஊற்றலாம் என்றார். இருவரும் செருப்பைச் சரியாக மாட்டாமலே ஓடினார்கள். மூன்றாவதாக வந்தவர் யூசுப், அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. கூடவே மனைவி சபீனா, அம்மா ஜமீலா.

"படி செங்குத்தா கீது பாருங்க. அம்மாவுக்கு முட்டி தாங்காது."

"மெதுவா ஏறிக்கிறேன் தம்பி" என்றார் ஜமீலா.

"ஏறுனா எறங்கணும்ல? கொரங்கு வேற வரும்."

"கொரங்கா?" சபீனா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"கும்பலா! மாடிக்கி தண்ணி ஏறாது, கொசு மட்டும் ஏறும்."

"எந்த வீடுதான் ஐயா நல்லா இருக்கும்?" என்றார் யூசுப் பாவமாக.

"கீழ் ஊடுதாம்ப்பா. சொர்க்கம்! படி இல்ல, வெயில் இல்ல, தண்ணி கொட்டும். இன்னா பண்றது, அதுல நாங்க கீறோமே!" என்று கையை விரித்தார் கோதண்டம். தன் நடிப்பு அவருக்கே பிடித்துப்போனது.

மாடி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த விஜி, "வாங்கம்மா, காபி சாப்ட்டு போலாம்" என்று மூவரையும் கீழே அழைத்துப் போனாள். அவர் மாடியிலேயே தங்கி, நாற்காலியை எங்கே போடலாம் என்று அளந்துகொண்டிருந்தார். அரை மணி கழித்துத்தான் இறங்கினார்.

"போய்ட்டாங்களா?"

"போய்ட்டாங்க. வெள்ளிக்கெழம வந்து பால் காச்சுறாங்க."

"எங்க?"

"கீழதான். நீதான சொர்க்கம்னு சொன்ன? சுத்திக் காட்டுனேன், புட்ச்சிப் போச்சு. அட்வான்சும் வாங்கிட்டேன்."

"அப்ப நாம?"

"மாடிக்கி."

"கொரங்கு வரும்மே!"

"உன்னோட இத்தினி வருசம் குப்ப கொட்டுனேன். கொரங்குக்கா பயப்படப் போறேன்?"

வெள்ளிக்கிழமை கீழே பால் பொங்கியது. மேலே பீரோ ஏறியது. கோதண்டம் மூச்சு வாங்க நிமிர்ந்து பார்த்தால், ஜன்னலோரம் அவருடைய நாற்காலியில் விஜி.

"கல்யாணமான புதுசுல இங்கதான்யா நின்னுகினு இருப்பேன். நீ ஷிப்டு முட்ச்சி சைக்கிள்ல வர்றது தெரியுதான்னு பாத்துகினு. கீழ எறங்குனதுலேர்ந்து இந்த ஜன்னல் நெனப்பாவே கீது. ஒவ்வொரு தபா ஊடு காலியாவும்போதும் கேக்கணும்னு நெனப்பேன், வாய் வராது."

கோதண்டத்துக்கு மனசு இளகிவிட்டது. இத்தனை வருஷமாக ஒரே ஜன்னலுக்கு இரண்டு பேரும் தனித்தனியாக ஏங்கியிருக்கிறார்கள். இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்காரப் போனார்.

"ஐயா!" கீழேயிருந்து யூசுப்பின் அலறல். "பாத்ரூம் தாப்பாள் மாட்டிக்கிச்சு! அம்மா உள்ள இருக்காங்க!"

விஜி ஏரியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போய்யா, ஊட்டுக்காரர கூப்புடுறாங்க."