மரத்துப்போன பக்கம்

"ஊசி போட்ட மரப்பு போற வரைக்கும் பேசாதீங்க சார். நாக்கைக் கடிச்சுக்குவீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார் பல் டாக்டரின் உதவியாளர்.

மேனேஜருக்கு வலது கன்னம் இருக்கிற இடமே தெரியவில்லை. அது போகட்டும். இன்று அவர் ஒரே ஒரு சொல்லைச் சொல்லியே ஆக வேண்டும்: முடியாது.

தையல் கம்பெனியில் பட்டன் துளை போடும் காஜா மெஷினை ஓட்டுவது ஒரே ஒரு பெண். காஜா அக்கா என்றால்தான் தெரியும். பத்து நாள் லீவு கேட்டிருந்தாள். சாயங்காலம் பஸ். பள்ளிக்கூடச் சீருடை ஆர்டரோ சனிக்கிழமை போயாக வேண்டும். போகாவிட்டால் முதலாளி மேனேஜருக்கு நிரந்தர லீவு கொடுத்துவிடுவார்.

மேனேஜர் அறையில் உட்காரும் முன்பே அக்கா வந்து நின்றாள். பின்னால் கட்டிங் மாஸ்டர்.

"சார், லீவு..."

வழக்கமாக இந்த இடத்தில்தான் கத்துவார். வாயைத் திறந்தார். "ஊ" என்றது.

அவள் அசந்துபோனாள். இதுவரை 'லீவு' என்ற வார்த்தையைத் தாண்டி அவளைப் பேச விட்டதே இல்லை.

"தங்கச்சிக்குப் பிரசவம் சார். முதல் குழந்தை தங்கல. இந்தத் தடவை கையைப் பிடிச்சுக்க நான் பக்கத்துல இருக்கணும்னு அழுவுறா."

மேனேஜர் பலமாகத் தலையை ஆட்டி மறுத்தார். மரத்த உதட்டோரம் எச்சில் வழிந்தது. கைக்குட்டையால் துடைத்தார்.

"ஐயோ, சார் கலங்கிட்டாரு!" என்றார் மாஸ்டர்.

மேனேஜர் சட்டென்று ஒரு காகிதத்தில் 'முடியாது' என்று பெரிதாக எழுதி நீட்டினார்.

"கண்ணாடி எடுத்துட்டு வரல. நீங்க படிங்க மாஸ்டர்."

மாஸ்டர் வாங்கிப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "நல்லபடியா போயிட்டு வாம்மான்னு எழுதியிருக்காரு."

"ஊ! ஊ!" மேனேஜர் மேஜையை ஓங்கி ஓங்கித் தட்டினார்.

மாஸ்டர் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "எல்லாரும் கேட்டுக்கங்கப்பா! அக்கா வேலையை நாம பங்கு போட்டுக்கணுமாம். மேஜையைத் தட்டிச் சொல்லிட்டாரு!"

வெளியே கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

போன் அடித்தது. மனைவி. காலையில் பாதியில் நின்ற சண்டையின் மீதி.

"நான் பேசி முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாதீங்க."

"ஊ."

அந்தப் பக்கம் உடனே மடை திறந்தது. அவர் அம்மா, அவள் தம்பி, ஒழுகும் குழாய், போகாத சினிமா. இடையிடையே "ஊ". கடைசியில் மூக்கை உறிஞ்சினாள்.

"கல்யாணமானதுலேர்ந்து இன்னைக்குத்தாங்க நான் ஆரம்பிச்ச பேச்சை நானே முடிச்சிருக்கேன்."

மதியத்துக்கு மேல் கன்னத்தில் எறும்பு ஊர்ந்தது. நாக்கு திரும்பி வந்துவிட்டது. பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. 'முடியாது' என்று அறைக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். கணீரென்று வந்தது. விடுவிடுவென்று வெளியே போனார்.

காஜா மெஷினில் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "துணியை இழுக்காதீங்க மாஸ்டர், அது என்ன மாடா?" சுற்றிலும் சிரிப்பு. ஆளுக்கொரு கை கொடுத்ததில், துளை போட்ட சட்டைகள் இடுப்பு உயரத்துக்கு நின்றன. மற்ற நாளில் இந்நேரத்துக்கு முழங்கால் வரைகூட வந்ததில்லை.

அவரைக் கண்டதும் சிரிப்பு நின்றது. அக்கா பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தாள்.

மேனேஜர் வாயைத் திறந்தார்.

"ஊ" என்றார். வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

அறைக்குத் திரும்பியபோது போன் அடித்துக்கொண்டிருந்தது. பல் டாக்டரின் உதவியாளர்.

"மரப்பு போயிடுச்சா சார்?"

"போயிடுச்சும்மா. ஏன்?"

"உங்க கம்பெனிலேர்ந்து ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, அடுத்த பல்லு எப்பன்னு கேக்குறாங்க. இப்பதான் உங்க வீட்லேர்ந்தும் பேசினாங்க. அடுத்த ஊசியை ரெண்டு பக்கமும் போட முடியுமாங்கறாங்க சார்."