இரண்டாவது தும்மல்

என் மூக்கைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டார் சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும். எனக்குத் தும்மல் வந்தால் ஒன்றோடு நிற்காது. பத்து, பதினைந்து என்று போகும். கண் சிவக்கும், மூக்கு ஒழுகும், மேலண்ணம் அரிக்கும் (அங்கே சொறியவும் முடியாது, அந்தக் கொடுமை பட்டவனுக்குத்தான் தெரியும்). திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊரில் என் மூக்குக்கு ஆகாதது ஒன்றா இரண்டா? கரிசல் புழுதி, கருவேல மரத்தைக் கரி மூட்டம் போடுகிற புகை, பழைய தலையணை, ஊதுபத்தி, தாளிக்கிற மிளகாய்.

"அலர்ஜிதான், பயப்படாதீங்க. தூசி, புகை பக்கம் மட்டும் போகாதீங்க" என்றார் அருப்புக்கோட்டை டாக்டர். அப்படி ஒரு பக்கம் எங்கள் தாலுகாவில் எங்கே இருக்கிறது என்று கேட்க வாயைத் திறந்தேன். தும்மல் முந்திக்கொண்டது. அவர் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்து, "ராத்திரிக்கு ஒண்ணே ஒண்ணு. நல்லா தூக்கம் வரும்" என்று இரண்டு தடவை சொன்னார். நான் ஒரு தடவைகூடக் காதில் வாங்கவில்லை.

இப்போது தங்கச்சி மாரீஸ்வரியின் நிச்சயதார்த்தத்துக்கு வருவோம். அதற்கு முன்னால் அவளுக்கு இரண்டு சம்பந்தம் கைகூடி வந்து கலைந்திருந்தன. மூன்றாவது, அருப்புக்கோட்டையில் விசைத்தறி வைத்திருக்கிற மாப்பிள்ளை. முதல் நாள் சாயங்காலம் மாரீஸ்வரி என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள்.

"அண்ணே, எனக்கு அவுகளைப் பிடிச்சிருக்கு. நாளைக்கு ஒரு நாள் ஒன் மூக்கைக் கட்டிப்போடு. அவுக பெரியப்பா சகுனம் பாக்குறவுகளாம். தட்டு மாத்துற நேரத்துல நீ தும்மித் தொலைச்ச, செத்தேன் நான்."

எங்கள் பக்கத்துச் சட்டம் அப்படி. நல்ல காரியம் தொடங்கும்போது ஒற்றைத் தும்மல் விழுந்தால் தடை. உடனே இன்னொன்று விழுந்துவிட்டால் தோஷம் கழிந்தது, காரியம் நடக்கலாம். ரெட்டைத் தும்மலுக்கு மதிப்பே தனி. மூக்கு இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும்.

ராத்திரி ஒரு மாத்திரை போட்டேன். விடிந்ததும் பயத்தில் இன்னொன்று. மாப்பிள்ளை வீட்டு வேன் ஹாரன் அடித்ததும் மூன்றாவதையும் விழுங்கினேன். (பிற்பாடு இதைக் கேட்ட டாக்டர், "படிச்சவர்தானே நீங்க?" என்றார். அவர் அப்படிக் கேட்டதில் தப்பே இல்லை.)

மாத்திரை வேலையைக் காட்டியது. மூக்கு காய்ந்து, நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. எதிரே மாப்பிள்ளை, சில நேரம் ரெண்டு மாப்பிள்ளை. பத்தரைக்கு ராகுகாலம். பத்து அடித்ததும் மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்தார். தோளில் கிடந்த துண்டை ஓர் உதறு உதறிப் போட்டுக்கொண்டு, தாம்பூலத் தட்டைக் கையில் எடுத்தார். என் அப்பாவும் எங்கள் தட்டை எடுத்தார்.

துண்டிலிருந்து ஒரே ஒரு பஞ்சுத் துகள் கிளம்பியது. பறந்தது. நேராக என்னிடம் வந்தது.

"ஹச்ச்!"

பெரியப்பா தட்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஒத்தைத் தும்மல் ஆகாதுங்க. ஒண்ணும் அவசரமில்ல, இன்னொண்ணு விழுகட்டும். மாத்திக்கிருவோம்."

எல்லோரும் என் மூக்கையே பார்த்தார்கள். நானும் மாறுகண் போட்டுப் பார்த்தேன். வரவில்லை. வருஷக்கணக்கில் நான் தின்ற மருந்துகளில் ஒன்று ஒழுங்காக வேலை செய்தது அன்றைக்குத்தான்!

அப்பா என் காதோரம் குனிந்தார். "ஏண்டா, தெனமும் காது கிழியத் தும்முவியே. இப்ப என்னடா கேடு? தும்முடா!"

"வர மாட்டேங்குதுப்பா."

"மூணு நிமிஷமாச்சு" என்றார் பெரியப்பா. ஆறு நிமிஷமானதையும் அவரே சொன்னார்.

முற்றத்துக்கு ஓடிச் சூரியனைப் பார்த்தேன். கண்ணீர்தான் வந்தது. துண்டு முனையைத் திரியாகத் திரித்து மூக்கில் விட்டேன். ம்ஹூம். சித்தி பழைய தலையணை ஒன்றைத் தூக்கிவந்து என் முகத்துக்கு நேரே பட்பட்டென்று அடித்தாள். மாமா பரண் தூசியைத் தட்டிவிட்டார். எதையெல்லாம் கிட்டே சேர்க்காதே என்று டாக்டர் சொன்னாரோ அத்தனையும் வரிசையாக வந்தன. நான் மட்டும் கல்லுப்பிள்ளையார் போல உட்கார்ந்திருந்தேன், கொட்டாவி விட்டுக்கொண்டு.

மணி பத்து இருபது. அறைக்கதவு இடுக்கில் மாரீஸ்வரியின் ஒரு கண் தெரிந்தது. அதில் தண்ணீர் நின்றது. ஒரு தும்மலுக்கு வக்கில்லாத அண்ணன்! பொய்த் தும்மல் போட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வறண்ட தொண்டையில் ஏதோ கீச்சென்றது.

"இது கணக்குல சேராது" என்றார் பெரியப்பா.

அப்போதுதான் அம்மா வந்தாள். கையில் இரும்புக் கரண்டி நிறையக் கங்கு, கங்குமேல் ஒரு பிடி வரமிளகாய். "எம்புள்ளைய எனக்குத் தெரியும், தள்ளுங்க" என்று என் முன்னால் வைத்து விசிறினாள்.

எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. சித்தி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். போட்டோக்காரர் இருமினார். மாப்பிள்ளை கண்ணைக் கசக்கினார். பெரியப்பா மட்டும் தட்டை விடாமல், மூக்கை மேலே தூக்கி, முகம் கோணி, உதடு துடித்து, தன்னால் ஆனமட்டும் அடக்கிப் பார்த்தார். முடியவில்லை.

"ஹாச்ச்ச்சூ!"

பாக்கு நாலு பக்கமும் தெறித்தது.

"ரெண்டு!"

அறைக்குள்ளிருந்து கல்யாணப் பெண்ணின் குரல். பட்டுப்புடவையோடு மாரீஸ்வரி வாசல்படியில் வந்து நின்று, இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினாள். "ரெண்டாச்சு மாமா! தட்டை மாத்துங்க!"

முதலில் சிரித்தது மாப்பிள்ளை. அப்புறம் பெரியப்பாவும், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எந்த மூக்கா இருந்தா என்ன, ரெண்டு ரெண்டுதான்" என்று தட்டை நீட்டினார். மணி பத்து இருபத்தாறு. அதற்கப்புறம் நடந்தது எனக்குத் தெரியாது, தூங்கிவிட்டேன். வடை பாயச விருந்தும் போச்சு.

நிச்சயதார்த்த ஆல்பம் இன்றும் இருக்கிறது. அதில் இரண்டு வீட்டாரும் கண் சிவந்து, மூக்கைப் பொத்தி, அழுதுகொண்டு நிற்பார்கள். ஓரத்து நாற்காலியில் தலை தொங்கிக் கிடப்பது நான். புதிதாகப் பார்ப்பவர்கள் குரலைத் தாழ்த்தி, "யாரு தவறிட்டாக?" என்று கேட்பார்கள்.

போன மாதம் மாரீஸ்வரியின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். டாக்டர் பேச்சைக் கேட்டு ராத்திரி ஒரே மாத்திரையோடு நிறுத்தியிருந்தேன். ஆசாரி ஊசியை எடுத்ததும் ஆரம்பித்தது. கூட்டமே சேர்ந்து எண்ணியது. "எட்டு... ஒம்பது... பத்து... பதினொண்ணு!"

அதோடு நின்றுபோனது. ஒற்றைப்படை. ஆசாரியின் கை அந்தரத்தில் நின்றது. குழந்தை என்னை அண்ணாந்து பார்த்தது. நான் மூக்கைத் தேய்த்துப் பார்த்தேன்.

மாரீஸ்வரி நிதானமாகக் குனிந்து, என் காதில், கொஞ்சம்கூட வெட்கமில்லாத ஒரு பொய்த் தும்மலைப் போட்டாள்.

"பன்னெண்டு. குத்துங்க ஆசாரி."