செத்த செல்களில் ஒரு திட்டம்

மனித குலம் இரண்டாயிரம் ஆண்டுகளாகத் திணறிய கேள்விக்கு எங்கள் ஆய்வுக்கூடம் ஒரே வாரத்தில் விடை கண்டது. விசாரணைக் குழுவின் செயலாளர் என்ற முறையில் அந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு.

எங்கள் இயக்குநர் பேரறிஞர். மனிதன் சுயமாக எதையும் முடிவு செய்வதில்லை, எல்லாம் மூளை நரம்புகளின் வேலை, உயிரணுவான செல்லுக்குள் தெரியும் ஒழுங்குக்குப் பின்னால் எந்தத் திட்டமும் இல்லை என்று நானூறு பக்கம் எழுதியவர். அதையும் 'தன் விருப்பமில்லாமலே' எழுதினார் என்று கொள்க.

செல்களை வளர்ப்பது ஆய்வக உதவியாளர் அக்காவின் பொறுப்பு. பதினோரு மாதம் கைப்பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டார். இதையெல்லாம் யாரோ யோசித்துத்தான் செய்திருக்க வேண்டும் என்று நுண்ணோக்கியில் குனிந்தபடியே சொல்வார். இயக்குநர் கருணையோடு சிரிப்பார்.

ஒரு திங்கட்கிழமை காலை, செல்களை வைக்கும் வெப்பப் பெட்டி சில்லிட்டுக் கிடந்தது. அத்தனையும் செத்திருந்தன. அக்கா பெட்டியின் கதவைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார்.

இயக்குநர் வந்து பார்த்தார். "இது தானா நடந்ததில்ல. இதுக்குப் பின்னால ஒரு திட்டம் இருக்கு" என்றார்.

உயிருள்ள செல்களில் முப்பது வருடமாகத் தென்படாத திட்டத்தைச் செத்த செல்களில் ஒரே நொடியில் கண்டுகொண்டார். மேதைமை என்பது அதுதான். அக்காவுக்கு விளக்கம் கேட்டு ஓலை போனது.

விசாரணையில் அக்கா தணிந்த குரலில் கேட்டார்: "யாரும் சுயமா எதுவும் செய்யறதில்லன்னு நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க?"

"அது புத்தகம்மா. இது ஆபீஸ்" என்றார் இயக்குநர்.

மறுநாள் கேமரா பதிவு வந்தது. சனிக்கிழமை, அக்கா வீட்டுக்குப் போன பிறகு, வெப்பப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன் காபி இயந்திரத்தைச் சொருகிக்கொண்டிருந்தவர் இயக்குநர்.

அவர் அசரவில்லை. கை பிளக்கை நோக்கி நீண்ட பிறகுதான் தனக்கே தகவல் தெரிந்தது, நரம்புகள் செய்த காரியத்துக்கு நபர் பொறுப்பாக முடியாது என்று அரைமணி நேரம் விளக்கினார். குழு மெய்மறந்து கேட்டது.

ஆனாலும் யாராவது பொறுப்பேற்க வேண்டுமே. சுயமாக முடிவெடுக்கும் சக்தி உதவியாளர் பதவி வரை உண்டு, அதற்கு மேல் கிடையாது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். சனிக்கிழமை வீட்டுக்குப் போனது அக்காவின் 'சுய முடிவு'. எனவே பணி நீக்கம்.

அக்கா உத்தரவை வாங்கி, அடிவரியை இரண்டு முறை பார்த்தார். "இது உன் கையெழுத்துதானா தம்பி?"

என்னுடையதுதான். யாரும் என் கையைப் பிடித்துப் போடவைக்கவில்லை.