இலவச டெலிவரியில் போன நெல்லிக்காய் ஊறுகாய்

ஒரு காட்டில், ரோடு வருவதற்கு முன்பே செல்போன் கோபுரம் வந்துவிட்ட ஒரு காட்டில், வேலாயி என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். அவள் போடும் நெல்லிக்காய் ஊறுகாயை ஒருமுறை நக்கிப் பார்த்தவர்கள் அன்று முழுக்க வேறு எதையும் வாயில் வைக்க மாட்டார்கள், அந்த ருசி போய்விடுமே என்று. அவள் புருஷன் மலைக்கு அந்தப் பக்கம் கிழங்கு தோண்டப் போனவன், அங்கே ஒரு குடும்பத்தையும் சேர்த்துத் தோண்டிக்கொண்டு தங்கிவிட்டான். ஆகவே ஊறுகாய்தான் அவளுக்குப் பிழைப்பு.

உள்ளூரில் வியாபாரம் ஓடவில்லை. ஊறுகாயில் ஒரு குறையும் கிடையாது. ருசி பார்க்க வருகிறவர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். பிள்ளைக்கு ஒரு வாய், மாமியாருக்கு ஒரு வாய் என்று பார்த்துவிட்டு, உப்பு ஒரு கல் கூடுதல் என்று அபிப்பிராயமும் சொல்லிவிட்டுப் போனார்கள். அதனால் வேலாயி ஒரு ஜாடியைச் செம்பருத்திப் பூவுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் பிடித்து செல்போனில் போட்டாள். ஜாடி இருநூறு கொட்டை என்று விலையும் போட்டாள். அந்தக் காட்டில் புளியங்கொட்டைதான் காசு.

எங்கெங்கிருந்தோ ஆர்டர் வந்தது. அவள் பார்த்தே இராத காடுகளிலிருந்து மானும் முயலும் மயிலும் கேட்டு எழுதின. வேலாயிக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பருவத்து நெல்லிக்காய் மொத்தத்தையும் வாங்கி ஊறப்போட்டு, வளை முழுக்க ஜாடியாக அடுக்கிவிட்டாள். அவள் படுப்பதற்கே இடமில்லாமல் வாசலில் படுத்தாள். மழை பிடித்தால் வளைக்குள் ஈரம் ஏறும், ஏறினால் அத்தனையும் பூஞ்சை பிடிக்கும். அதற்குள் எல்லாவற்றையும் அனுப்பியாக வேண்டும். எதில் அனுப்புவது என்பதை மட்டும் அவள் யோசித்திருக்கவில்லை.

முதலில் ஆமை அஞ்சலுக்குப் போனாள். அங்கே கவுண்டரில் இருந்தவர் பெயர் கச்சபேசன். நல்ல மனுஷர் என்று சொல்ல முடியாது, ஆமை. ஜாடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்து, எண்ணெய்ப் பண்டம் என்றால் துணி சுற்றித் தைக்க வேண்டும் என்றார். தைத்துக்கொண்டு வந்தாள். முகவரி தையலின் மேல் விழுந்திருக்கிறது, வேறு துணி வேண்டும் என்றார். அதையும் மாற்றிக்கொண்டு வந்தாள். எந்த ஊராக இருந்தாலும் நாற்பது கொட்டைதான், அதில் ஒரு நியாயம் இருந்தது. எப்போது போய்ச் சேரும் என்று கேட்டபோது அவர் சற்று வருத்தப்பட்டார்.

"ஏம்மா, சேருமான்னு கேளு, சேரும்னு சொல்றேன். எப்பன்னு கேட்டா நான் எங்க போவேன்?" என்றார்.

அடுத்தது காக்கை கூரியர். நாற்பதில் பாதிதான் கட்டணம், அன்றைக்கே போய்விடும். ஆனால் காக்கைகளுக்குத் தனியாகச் சாப்பிடும் பழக்கம் இல்லை. வழியில் ஒன்று ஜாடியைத் திறந்து, கரைந்து கரைந்து சொந்தபந்தத்தை எல்லாம் கூப்பிட்டுவிட்டது. வாடிக்கையாளருக்கு ஜாடியும் இரண்டு நெல்லிக்கொட்டையும் போய்ச் சேர்ந்தன. பணத்தைத் திருப்பிக் கொடுத்த வேலாயி அந்தப் பக்கம் அப்புறம் போகவில்லை.

ஆமை அஞ்சலிலேயே அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்து, டெலிவரிக்கு நாற்பது கொட்டை தனி என்று செல்போனில் எழுதினாள். வந்தது வினை. இருநூறு கொட்டைக்கு ஊறுகாய் வாங்க ஒப்புக்கொண்டவர்கள், நாற்பது கொட்டை டெலிவரி என்றதும் கொதித்துப்போனார்கள். ஒரு மயில் அவளைக் கொள்ளைக்காரி என்றது. ஒரு காட்டுப்பன்றி, உழைப்பவர்களைச் சுரண்டும் வர்க்கத்தைப் பற்றி நீளமாக எழுதிவிட்டு, ஆர்டரை ரத்து செய்தது. வேலாயி வாசலில் உட்கார்ந்து மேகத்தைப் பார்த்தாள். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

அந்த நேரத்தில்தான் பாய்ச்சல் விரைவு கூரியரிலிருந்து அழைப்பு வந்தது. அதை நடத்தியவன் வீரபாகு என்ற சிறுத்தை. குகையைக் குளுகுளுவென்று வைத்திருந்தான். போனதும் இளநீர் கொடுத்தான். வேலாயியை யாரும் அதுவரை மேடம் என்று கூப்பிட்டதில்லை, அவன் வார்த்தைக்கு வார்த்தை கூப்பிட்டான். மான், முயல், மயில், காட்டுப்பன்றி போன்றவர்களின் வீடுகளுக்கு டெலிவரி முற்றிலும் இலவசம் என்றான். சிறு வியாபாரிகளைக் கைதூக்கிவிடுவதுதான் தன் லட்சியம் என்றும் சொன்னான். யானைக்கும் காட்டெருமைக்கும் உண்டா என்று அவள் கேட்டாள். அங்கே தலைக்கு முந்நூறு கொட்டை ஆகும், அவர்கள் கனமான வாடிக்கையாளர்கள் என்றான்.

முகவரித் தாளில் அவன் கேட்ட விவரங்கள் கொஞ்சம் அதிகம்தான். வீட்டில் எத்தனை பேர், வயது என்ன, வீட்டுக்கு எத்தனை வாசல், யாருக்காவது கால் வலி உண்டா என்றெல்லாம் இருந்தது. எத்தனை அக்கறையான கம்பெனி என்று வேலாயிக்குக் கண் கலங்கியது. ஆர்டர் கொடுத்தவர்களிடம் கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் நிரப்பினாள்.

டெலிவரி இலவசம் என்று எழுதினதும் ஆர்டர் கொட்டியது. காட்டுப்பன்றிகூடக் கொள்கையை ஒத்திவைத்துவிட்டு இரண்டு ஜாடி கேட்டது. வேலாயி இரவு பகலாகப் பார்சல் கட்டினாள். முதலில் ஜாடிகளுக்குக் காற்றுக் குமிழ்த் தாளைச் சுற்றிப் பார்த்தாள். அவள் திரும்பும்போதெல்லாம் முள் பட்டு அது பட்பட்டென்று வெடித்துத் தீர்ந்துவிட்டதால், வைக்கோல் வைத்து தேக்கிலையில் கட்டினாள். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து பூரணி என்ற மான், மசக்கையாக இருக்கிறேன், வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை, சீக்கிரம் அனுப்புங்கள் அக்கா என்று எழுதியிருந்தாள். அவளுக்கு மட்டும் ஒரு சின்னப் பொட்டலம் உப்பு நெல்லியும் சேர்த்து வைத்து, உடம்பைப் பார்த்துக்கொள் என்று ஓலையில் எழுதிப் போட்டாள்.

எல்லாப் பார்சலும் மறுநாளே போய்ச் சேர்ந்தன. டெலிவரி வெற்றி, டெலிவரி வெற்றி என்று செல்போனில் பச்சை டிக் விழுந்துகொண்டே இருந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை. ஆனால் ஒருவரும் இரண்டாவது ஜாடியும் கேட்கவில்லை.

வேலாயி ஊறுகாய் மேல்தான் சந்தேகப்பட்டாள். உப்பைக் குறைத்தாள். காரத்தைக் குறைத்தாள். பெருங்காயம் சேரவில்லையோ என்று மாற்றிப் பார்த்தாள். பூரணிக்கு மூன்று முறை எழுதினாள், ஊறுகாய் எப்படி இருந்தது, உடம்பு எப்படி இருக்கிறது என்று. பதில் வரவில்லை. பிடிக்கவில்லை என்றால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாமே என்று அவளுக்கு மனசு சுட்டது.

கடைசியில் கோரைமேட்டிலிருந்து தவமணி என்ற முயல் கூப்பிட்டாள். ஊறுகாய் பிரமாதம் என்றாள். ஜாடி மூடி மட்டும் கொஞ்சம் லூஸ், அதற்காக ஒரு ஸ்டார் குறைத்திருக்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம் என்றாள். டெலிவரி எப்படி என்று வேலாயி ஆவலாகக் கேட்டாள்.

"டெலிவரி ஃபாஸ்ட்டுதான் அக்கா. எங்க கொழுந்தனார்தான் கதவைத் திறந்தார். கையெழுத்துப் போட்டார். அப்புறம் அவரை டெலிவரிக்கு வந்தவர் சாப்பிட்டுட்டார்."

வேலாயி மூடியைப் பற்றித்தான் கவலைப்படுகிறாள் என்று நினைத்து, தவமணி மூடிக்கு வேறு மூடி அனுப்பினால் போதும் என்று சமாதானம் சொன்னாள்.

வேலாயி நேராகக் குகைக்குப் போனாள். வீரபாகு எதையும் மறைக்கவில்லை. நாள் முழுக்க அலைகிற ஆட்கள், சாப்பாட்டு வேளையில் எங்கே போய்ச் சாப்பிடுவார்கள் என்று கேட்டான். பொருள் உடையாமல், ஒழுகாமல், சொன்ன நேரத்துக்குப் போனதா இல்லையா, அதைச் சொல்லுங்கள் என்றான். ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினான். காப்பீடு ஜாடிக்கு இருந்தது. வாங்குகிறவருக்கு இருப்பதாக எங்கும் போட்டிருக்கவில்லை.

"பூரணின்னு ஒரு பொண்ணு. ஆத்துக்கு அக்கரை" என்றாள் வேலாயி.

அவன் பட்டியலைப் புரட்டிப் பார்த்தான். "ஆமா மேடம். டெலிவரி வெற்றி" என்றான்.

வேலாயி திரும்பி நடந்தாள். அந்த மான் முகத்தை அவள் பார்த்ததுகூட இல்லை. எத்தனை வாசல் என்ற கேள்விக்குத் தன் கையாலேயே ஒன்று என்று நிரப்பியது மட்டும் கண்ணுக்குள் நின்றது. வீட்டுக்கு வந்ததும் அழுதாள். அப்புறம் செல்போனை எடுத்து, நடந்ததை ஒன்று விடாமல் எழுதினாள். பாய்ச்சல் கூரியரில் ஊறுகாய் வாங்காதீர்கள், டெலிவரிக்கு வருகிறவன் உங்களைத் தின்றுவிடுவான், ஆமை அஞ்சலில் நாற்பது கொட்டை கொடுத்து வாங்குங்கள், உயிர் பெரிது என்று எழுதினாள். நம் பிழைப்பு இதோடு போயிற்று என்று நினைத்துக்கொண்டே அதைப் போட்டாள்.

மறுநாள் காலையில் பார்த்தால், அவள் ஆயுசில் கண்டிராத அளவுக்கு ஆர்டர் வந்து குவிந்திருந்தது.

ஆமை அஞ்சலுக்கு ஒன்றுகூட இல்லை. அத்தனையும் பாய்ச்சலில். ஒவ்வொன்றிலும், இது பரிசு, வேறு முகவரிக்கு அனுப்பவும் என்று போட்டிருந்தது. ஒரு மான் தன் பங்காளிக்கு அனுப்பச் சொல்லியிருந்தது. ஒரு மயில், தன்னைவிட நன்றாக ஆடும் மயிலுக்கு அனுப்பச் சொல்லியிருந்தது. டெலிவரி நேரத்தில் வெளியே போயிருந்ததால் பிழைத்த காட்டுப்பன்றி, வாடகை கேட்கும் வீட்டுக்காரனுக்கு இரண்டு ஜாடி கேட்டு, ஒன்று காலையிலும் ஒன்று மாலையிலும் வரட்டும் என்று குறிப்பு எழுதியிருந்தது. தவமணிகூட ஓர் ஆர்டர் கொடுத்திருந்தாள், நாத்தனாருக்கு. மூடி லூஸாக இருந்தாலும் பரவாயில்லையாம்.

வேலாயி எல்லாவற்றையும் மறுத்தாள். மறுத்ததும் ஒரே கூச்சல். பரிசு கொடுப்பது அவரவர் உரிமை, நடுவில் தடுக்க இவள் யார் என்றார்கள். பாசத்தில் கொடுப்பதைக் கொச்சைப்படுத்துகிறாள் என்றார்கள். கட்டணம் வாங்குகிற ஆமையிடம் இவளுக்கு ஏதோ கமிஷன் இருக்கிறது என்று ஒருவர் எழுத, அது காடு முழுக்கப் பரவியது. அன்று சாயங்காலம் முதல் மழையும் விழுந்தது. வேலாயி வளைக்குள் போய் ஒரு ஜாடியைத் திறந்து பார்த்தாள். மேலே வெள்ளையாகப் படர ஆரம்பித்திருந்தது.

அவள் கெட்டவள் இல்லை. வெகுநேரம் யோசித்தாள். நான் விற்பது ஊறுகாய்தானே என்று முதலில் நினைத்தாள். பங்காளிச் சண்டையை நானா மூட்டினேன் என்று பிறகு நினைத்தாள். எச்சரித்தாகிவிட்டது, அதற்கு மேல் ஒரு சின்ன வியாபாரி என்ன செய்ய முடியும் என்று நினைத்தபோது, மனசு லேசானதுபோல் இருந்தது. வெள்ளையை வழித்துப் போட்டுவிட்டு, மேலே நல்லெண்ணெய் ஊற்றிப் பார்சல் கட்டத் தொடங்கினாள். பரிசு என்பதால் ஒவ்வொன்றின் மேலும் ஒரு பூ வைத்தாள். அதற்குத் தனிக் கட்டணம் போட்டாள். டெலிவரிக்கு நாற்பது கேட்டபோது கொதித்தவர்கள், பூவுக்கு ஐம்பதை மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள்.

வளை காலியாகிக்கொண்டே வந்தது. அவள் உள்ளே படுத்து நிம்மதியாகத் தூங்கவும் செய்தாள். கடைசி மூட்டையில் என்னென்ன முகவரி இருந்தது என்றுகூட அவள் படிக்கவில்லை.

ஒரு நாள் காலை, வாசலில் யாரோ மணி அடித்தார்கள். வீரபாகுவே வந்திருந்தான். கையில் அவள் ஜாடி, மேலே அவள் வைத்த பூ.

"வேலாயி மேடத்துக்குப் பரிசு வந்திருக்கு" என்றான்.

அவள் உடம்பில் இருந்த முள் எல்லாம் தானாக எழுந்து நின்றன. அவன் அவளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். முன்னால் பார்த்தான், பின்னால் பார்த்தான், குனிந்தும் பார்த்தான். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் பெருமூச்சு விட்டான். பிறகு தாளை எடுத்து, வாடிக்கையாளர் ஒத்துழைக்கவில்லை என்று எழுதினான். பார்சல் திரும்புவதால் போக வரக் கட்டணம் நூற்றிருபது கொட்டை, அதை விற்றவர்தான் கட்ட வேண்டும் என்றான்.

இது என்ன அநியாயம் என்று வேலாயி கேட்டாள்.

"விற்றவரும் நீங்க. வாங்க மறுத்தவரும் நீங்க. இதுல நான் எங்க மேடம் வந்தேன்?"

கட்டினாள். கட்டிவிட்டு, அனுப்பியது யார் என்று காட்டச் சொன்னாள். தாளில், கச்சபேசன், ஆமை அஞ்சல் என்று இருந்தது.

அவரைக் கூப்பிட்டாள். அவர் நிதானமாக எடுத்தார். அவள் குரலைக் கேட்டதும் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை. பாய்ச்சல்காரன் வந்ததிலிருந்து தன் கவுண்டருக்கு ஒரு பார்சல் வரவில்லை, ஆபீஸை மூடப் போகிறார்கள், இந்த வயதில் எங்கே போய் வேலை தேடுவது, எல்லாம் உன் ஊறுகாயால் வந்தது என்று மெதுவாக, கோபமே இல்லாமல் சொன்னார். வேலாயிக்கு எல்லாம் புரிந்தது. ஒன்றே ஒன்றுதான் புரியவில்லை.

"ஐயா, என்னைக் கொல்லணும்னு நினைச்சீங்க, சரி. அதை உங்க அஞ்சல்லயே அனுப்பியிருக்கக் கூடாதா? ஆபீஸுக்கு ஒரு பார்சலாவது ஆகியிருக்குமே."

கச்சபேசன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு யோசித்திருப்பார் போலிருக்கிறது.

"ஏம்மா, எனக்கென்ன பைத்தியமா?" என்றார் கடைசியில். "இங்க நாப்பது கொட்டை."

நீதி: டெலிவரி மட்டும் இலவசமாக இருந்தால், பகைவருக்கும் பரிசு அனுப்பும் பெருந்தன்மை எல்லா உயிர்களுக்கும் தானாக வந்துவிடும்.